அழுகையிலிருந்து வெகுளிக்கு: ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடல் செய்ததும் செய்யாததும்

“கலை சமுதாயத்தை மாற்றும் ஆற்றல் கொண்டது.” இந்த வாக்கியத்தை ஒவ்வோர் ஆண்டும் கட்டுரைத் தாள்களில் படிக்கிறோம். வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால், எழுதிய மாணவரிடம் “எப்படிப்பா மாற்றும்?” என்று கேட்டுப் பாருங்கள். “படிக்கிறவங்க மனசு மாறும் டீச்சர்” என்பார். மனம் மாறினால் சட்டம் மாறிவிடுமா? கூலி உயர்ந்துவிடுமா? அடிக்கிறவன் கை நின்றுவிடுமா? இங்கே பேச்சு நின்றுவிடும்.

நாமும் இந்த இடத்தில் பெரும்பாலும் உதவுவதில்லை. மையக்கருத்து, அணிநயம், ஓசைநயம் என்று தனித்தனியாகக் கற்பிக்கிறோம். ‘கவிதை உணர்த்தும் படிப்பினை’ என்பதைக் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்கிறோம். அழகு ஒரு பக்கமும் சமுதாயம் இன்னொரு பக்கமுமாக நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் பாலம் எங்கே என்று காட்டுவதில்லை.

அந்தப் பாலத்தைத் தேட ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். பிஜித் தீவின் இந்தியப் பெண் தொழிலாளர்களைப் பற்றிப் பாரதியார் பாடிய ‘கரும்புத் தோட்டத்திலே’. சின்னப் பாடல்தான். பல்லவியும் நான்கு சரணங்களும் கொண்டது. பலருக்கும் தெரிந்த பாடல் என்பதால் வரிகளை இங்கே எடுத்தெழுதவில்லை. நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படிப்பது நல்லது.

பாடலுக்குப் பின்னால் இருந்த தோட்டம்

1879-இல் முதல் கப்பல் பிஜிக்கு இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுபோய் இறக்கியது. 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் போனார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். மொத்தத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் தென்னிந்தியர். ஐந்தாண்டு ஒப்பந்தம். அக்ரிமெண்ட் என்ற சொல் தொழிலாளர் வாயில் ‘கிர்மிட்’ என்று ஆனது. கொடுத்த வேலையை முழுதாக முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால் பெண்ணுக்கு முக்கால் கூலிதான். முடிக்காவிட்டால் நீதிமன்றம், அபராதம், சிறை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் சேர்த்தார்கள். இந்தக் கணக்கே அந்தப் பெண்களின் வாழ்க்கை எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லிவிடும்.

இந்தச் செய்திகளைத் தெரிந்துகொள்வது ஒன்று, உணர்வது வேறொன்று. ‘நாளுக்கு 9 பென்ஸ்’ என்று படித்தவுடன் யாருக்கும் தொண்டை அடைக்காது. இந்த இடத்தில்தான் கலையின் வேலை தொடங்குகிறது.

அழுகை எப்படிக் கட்டப்படுகிறது?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். அவற்றுள் அழுகை பிறக்கும் களன்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருவது இளிவு. இருந்ததை இழப்பதால் வருவது இழவு. முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது அசைவு. இல்லாமையால் வருவது வறுமை. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பாடலுக்குள் போவோம்.

முதல் சரணத்தில் வருவது அசைவு. கையும் காலும் ஓய்ந்து விழும் உடல்களைக் காட்டுகிறார் பாரதி. உடனே செக்குமாட்டை உவமையாக்குகிறார். இதை ‘உவமையணி’ என்று அடையாளம் காட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஏன் செக்குமாடு? ஏன் வண்டிமாடு இல்லை, ஏர்மாடு இல்லை? வண்டிமாடு ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேரும். ஏர்மாடு உழுத நிலம் கண்ணுக்குத் தெரியும். செக்குமாடு மட்டும்தான் நாள் முழுக்க நடந்தும் இருந்த இடத்திலேயே இருக்கும். எண்ணெயை வேறொருவர் கொண்டுபோவார். ஒப்பந்தக் கூலிமுறையின் பொருளாதாரத்தை ஒரு மாட்டை வைத்தே சொல்லிவிட்டார்.

இரண்டாம் சரணத்தில் அந்தத் தீவைக் கண்ணில்லாத தீவாகக் காட்டுகிறார். தமிழில் கண் என்றால் பார்க்கும் உறுப்பு மட்டுமல்ல. இரக்கத்தைக் கண்ணோட்டம் என்கிறோம். திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. ஆகவே கண்ணில்லாத தீவு என்பது இரக்கமில்லாத தீவு. யாரும் பார்க்க முடியாத தீவும் அதுதான். பெருங்கடலுக்கு நடுவே, சாட்சி இல்லாத இடத்தில் கொடுமை நடக்கிறது என்பதை ஒரே சொல்லில் வைத்துவிடுகிறார்.

மூன்றாம் சரணம் இழவு. பிறந்த நாடும் தாய்வீடும் இனிக் காணக் கிடைக்குமா என்ற ஏக்கம். பாடலின் உயிர் இந்தச் சரணத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பாரதி காற்றை அழைக்கிறார். நீ அங்கே அவர்கள் அழுததைக் கேட்டிருப்பாய், அதை எங்களுக்குத் திரும்பச் சொல்ல மாட்டாயா என்று கெஞ்சுகிறார். பிறகு, விம்மி அழுவதற்குக்கூட இப்போது அவர்களுக்குத் தெம்பில்லை என்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கவிஞர் அந்தக் குரலைக் கேட்கவில்லை. கேட்டது காற்று மட்டும்தான். காற்று பதில் சொல்லவில்லை. அழுதவர்களும் இப்போது அழுவதை நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் எஞ்சியிருப்பது இந்தப் பாடல் ஒன்றுதான். பாடலின் உருக்கம், கேட்க முடியாமல் போன ஒரு குரலுக்காக ஏங்கும் உருக்கம்.

நான்காம் சரணம் இளிவு. பெண்களின் கற்புக்கு நேரும் கொடுமை, தஞ்சம் இல்லாத சாவு. இந்த இடத்தில் பாடல் திடீரென்று திரும்புகிறது. இதை இனியும் நடக்க விடலாமா என்று கேட்டு, காளியைக் கூவி அழைத்து முடிகிறது.

இந்தத் திருப்பம் என்ன? அழுகையாகத் தொடங்கியது வெகுளியாக முடிகிறது. வெகுளி என்றால் சினம். உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்று அதன் களன்களும் நான்கு. உறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு செய்தல், வருத்தி அலைக்கழித்தல், கொல்லுதல். பாடலில் நடப்பவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் அழுவதற்கான காரணங்களே சினப்பதற்கும் காரணமாவது தெரியும். “ஐயோ பாவம்!” என்பதோடு அழுகை முடிந்துவிடும். “யார் செய்தது?” என்று கேட்பது வெகுளி. கலை சமுதாய மாற்றத்துக்குப் பயன்படுவது இந்தத் திருப்பத்தில்தான். நாம் தேடிய பாலமும் இதுவே.

பாடலால் சட்டம் மாறியதா?

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். பிஜியில் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது இந்தப் பாடலாலா? இல்லை. அப்படி எழுதும் மாணவருக்கு மதிப்பெண் கொடுக்க முடியாது.

வரலாற்றை வரிசையாகப் பார்ப்போம். 1912-இல் கோகலே இந்தியச் சட்டமன்றத்தில் ஒப்பந்தக் கூலிமுறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். நியாயமான வாதங்களோடு வந்த அந்தத் தீர்மானம் தோற்றது. அதே ஆண்டு பிஜியில் குந்தி என்ற பெண், தனியிடத்தில் வேலைக்கு அனுப்பப்பட்டு, மேற்பார்வையாளரிடமிருந்து தப்பிக்க ஆற்றில் குதித்தார். படகில் இருந்த ஒரு சிறுவன் காப்பாற்றினான். அவருடைய வாக்குமூலம் 1913-இல் ‘பாரத் மித்ரா’ என்ற இந்தி இதழில் வெளிவந்தது. 1914-இல் தோதாராம் சனாத்யா என்பவர் பிஜியில் தாம் கழித்த இருபத்தோர் ஆண்டுகளைப் பற்றிய இந்தி நூலை வெளியிட்டார். 1915-இல் ஆண்ட்ரூஸ், பியர்சன் இருவரும் நேரில் போய்ப் பார்த்து, அடுத்த ஆண்டு அறிக்கை தந்தார்கள். 1916-இல் மாளவியா மீண்டும் தீர்மானம் கொண்டுவந்தபோது அரசு ஒழிப்பைக் கொள்கையளவில் ஏற்றது. 1917-இல் சரோஜினி நாயுடு அலகாபாத்தில் இதற்கெதிராக முழங்கினார். அந்த ஆண்டே ஆள் ஏற்றுவது நின்றது. 1920 ஜனவரி 1-இல் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் ரத்தாயின.

1912-இல் தோற்ற கோரிக்கை 1916-இல் ஏன் வென்றது? அரசியல் காரணங்கள் பல உண்டு. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆனால், ஒன்றை மறுக்க முடியாது. இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தப் பிரச்சினை சட்டமன்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு பெண்ணின் பெயரோடும் குரலோடும் அது பல மொழிகளில் பரவியது. தமிழில் அந்தப் பரவலின் குரலாக நமக்குக் கிடைத்திருப்பது பாரதியின் பாடல். சட்டத்தை மாற்றியவர்கள் வேறு பலர். தமிழ் தெரிந்த ஒருவர், தாம் பார்த்தறியாத தீவில் இருந்த பெண்ணைத் தம் வீட்டுப் பெண்ணாக நினைப்பதற்கு இந்தப் பாடல் வழி செய்தது. ‘அங்கே சிலர் துன்பப்படுகிறார்கள்’ என்பது ‘எங்கள் பெண்கள் துன்பப்படுகிறார்கள்’ என்று மாறுகிறது. அறிக்கைக்கு ஆதாரம் வேண்டும்; தீர்மானத்துக்கு வாக்கு வேண்டும். இவை இரண்டையும் கேட்க மக்களுக்கு முதலில் அக்கறை வேண்டும். அக்கறையை உண்டாக்குவதே கலையின் பங்கு.

பாடல் விட்டது என்ன?

போற்றுவதோடு நின்றுவிட்டால் அது திறனாய்வாகாது. பாரதியின் பாடல் என்பதற்காக நாம் தயங்கவும் வேண்டாம்.

அழுகையின் நான்கு களன்களில் மூன்றை இந்தப் பாடலில் பார்த்தோம். நான்காவது எங்கே? வறுமை. ஏழைப் பெண்கள் என்று ஒரு சொல்லில் தொட்டுவிட்டுப் பாடல் போய்விடுகிறது. கூலி இல்லை, 9 பென்ஸ் இல்லை, அபராதம் இல்லை, சர்க்கரை விற்றுப் பணம் பார்த்த கம்பெனியும் இல்லை. கற்பும் மானமும் பேசப்படும் அளவுக்குக் கூலி பேசப்படவில்லை. அக்கால இந்திய எதிர்ப்புக் குரல்கள் பலவற்றிலும் இதே குறை உண்டு. பெண்ணின் மானம் என்றதும் ஊர் திரண்டது. பெண்ணின் உழைப்புக்கு முக்கால் கூலி என்பது யாரையும் அப்படி உலுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பாடலில் அந்தப் பெண்கள் சோர்கிறார்கள், அழுகிறார்கள், இறக்கிறார்கள். எதிர்த்து எதுவும் செய்வதில்லை. சினமும் அவர்கள் கையில் இல்லை. காளியின் கையில் இருக்கிறது. ஆனால், அதே காலத்தில் வாழ்ந்த குந்தி சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை. ஆற்றில் குதித்தார், உயிர் பிழைத்தார், நடந்ததைத் தம் பெயரோடு உலகுக்குச் சொன்னார். பாரதி காற்றிடம் கேட்டதை ஒரு கூலிப்பெண்ணே தம் வாயால் சொல்லிவிட்டார். 1920-இல் பிஜியின் சுவா நகரில் இந்தியத் தொழிலாளர்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தபோது பெண்களும் முன்வரிசையில் நின்றார்கள்.

ஆகவே பாடலின் வலிமையும் வரம்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கேட்காத குரலுக்காக ஏங்க வைத்தது வலிமை. அந்தக் குரல் பேசினால் என்ன கேட்கும் என்று நினைத்துப் பார்க்காதது வரம்பு.

நம் மண்ணில் வந்து சேர்ந்த சினம்

“இது பிஜி கதைதானே?” என்று மாணவர் கேட்கலாம். ரப்பருக்கு முன்பே நம் நாட்டிலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. செபராங் பிறையிலும் பேராக்கின் கிரியானிலும் ஒப்பந்தத் தமிழர்கள் கரும்பு வெட்டினார்கள். மலாயாவில் ஒப்பந்தமுறை 1910-இல் முடிந்தது. கங்காணி முறை 1938 வரை தொடர்ந்தது. பாரதியின் பாடலை இங்கே பாடினால் அது வெளியூர்ச் செய்தி அல்ல.

நம் தோட்டப்புற மக்களும் பாடினார்கள். பால்மரம் வெட்டும்போதும் லயத்தில் பிள்ளையைத் தாலாட்டும்போதும் பாடிய அந்தப் பாட்டுகளுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. ஆசைப்பட்டுக் கப்பல் ஏறிய கதை, ஏமாற்றிய கங்காணி, மிரட்டும் தண்டல், விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் அவசரம் எல்லாம் அவற்றில் வரும். பாரதி கேள்விப்பட்டுப் பாடினார். இவர்கள் பட்டுப் பாடினார்கள். பாரதி விட்டுவிட்ட வறுமையும் கூலியும் இந்தப் பாட்டுகளில் தாமாகவே வந்துவிடுகின்றன. வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பித்தால் ஒன்றின் குறையை மற்றொன்று காட்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றியவர். அந்தத் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு. இவற்றோடு, பெண் தொழிலாளர்களிடம் மேலாளர்கள் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. பாரதியின் பாடலில் காளியிடம் முறையிட்ட அதே கொடுமை, இப்போது கோரிக்கைப் பட்டியலில் ஓர் எண்ணாக நிற்கிறது. பக்கத்திலேயே கூலியும் நிற்கிறது. அரசு படையை அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பாடலைக் கேட்டுத்தான் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அழுகை வெகுளியாகி, வெகுளி கோரிக்கையாகும்போதுதான் சமுதாயம் நகர்கிறது. கவிதை முதல் இரண்டு படிகளைக் கட்டித் தரும். மூன்றாவது படியை மனிதர்கள் சேர்ந்து கட்ட வேண்டும்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

எந்தக் கவிதைக்கும் நாடகத்துக்கும் பொருந்தும் நான்கு கேள்விகளை மாணவர்களுக்குப் பழக்கலாம்.

1. இந்தப் படைப்பு எந்த மெய்ப்பாட்டை எழுப்புகிறது? எந்த உத்தியால்?
2. இடையில் மெய்ப்பாடு மாறுகிறதா? எந்த இடத்தில்?
3. துன்பப்படுபவர் தாமே பேசுகிறாரா, அவருக்காக வேறொருவர் பேசுகிறாரா?
4. படைப்பு எதைச் சொல்லாமல் விட்டது?

“கலை சமுதாயத்தை மாற்றும்” என்று எழுதிவிட்டு நிறுத்தாமல், மாணவர் இப்படி எழுதலாம்:

“பாரதியார் பிஜித் தொழிலாளர்களைச் செக்குமாட்டுக்கு ஒப்பிட்டு, பலனில்லாத உழைப்பைக் கண்முன் நிறுத்துகிறார். அழுகையாகத் தொடங்கும் பாடல் இறுதியில் வெகுளியாக மாறுவதால், படிப்பவர் இரக்கப்படுவதோடு நின்றுவிடாமல் கொடுமைக்குக் காரணம் யார் என்று கேட்கத் தூண்டப்படுகிறார். கூலிமுறையைச் சட்டமே ஒழித்தது. எனினும், அச்சட்டம் வேண்டும் என்ற உணர்வை வளர்ப்பதில் இத்தகைய படைப்புகளுக்குப் பங்கு உண்டு.”

இதில் உத்தியும் உணர்வும் வரலாறும் ஒரே பத்தியில் வந்துவிட்டன. மிகைப்படுத்தலும் இல்லை.

மூன்றாவது கேள்வியை மட்டும் தேர்வோடு விட்டுவிட வேண்டாம். சிங்கப்பூரில் 2014-இல் வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி தொடங்கியது. வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்கள் மொழியில் எழுதினார்கள். அங்கே தொழிலாளியின் குரலைக் கொண்டுவரக் காற்றைக் கெஞ்ச வேண்டிய தேவை இல்லாமல் போனது. நம் நாட்டிலோ, நம் பாட்டன்மார் இருந்த தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அவர்களும் தாய்வீட்டை நினைப்பார்கள். அவர்களுக்கும் ஒப்பந்தம் உண்டு, கூலிக் கணக்கு உண்டு.

‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலைப் படித்துக் கண்கலங்கும் மாணவர், பள்ளி முடிந்து பேருந்தில் போகும்போது சாலையோரச் செம்பனைத் தோட்டத்தில் குலை தள்ளிக்கொண்டு போகிறவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பாடல் அவருக்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நாம் நம்பலாம்.